சாலையைத் தாண்டினால் சங்கீதம்

பாஸ்டன் நகரில் செப்டம்பர் 1 என்பது வாடகை லாரிகளின் திருநாள். அந்த ஊரின் வீட்டு வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பகுதி அன்றுதான் முடிகிறது, அன்றுதான் தொடங்குகிறது. வாழ்க்கையில் முதன்முறையாக லாரி ஓட்டும் கல்லூரிப் பிள்ளைகள் கட்டிலையும் மெத்தையையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். அவர்களில் யாராவது ஒருவர் வருடம் தவறாமல் ஸ்டோரோ டிரைவ் என்ற ஆற்றோரச் சாலைக்குள் திரும்பிவிடுவார். அந்தச் சாலையில் லாரிகளுக்கு அனுமதி கிடையாது. குறுக்கே போகும் பாலங்கள் அவ்வளவு தாழ்வு. எச்சரிக்கைப் பலகைகளைக் கவனிக்காதவர்களின் லாரிக் கூரை, மத்திமீன் டின்னைத் திறந்ததுபோல் உரிந்து சுருண்டுவிடும். இந்தக் கதிக்கு உள்ளூரில் ஒரு வினைச்சொல்லே இருக்கிறது: 'ஸ்டோரோட்'. லாரி ஸ்டோரோ ஆகிவிட்டது என்று பொருள்.

ஸ்டோரோ என்பது ஒரு குடும்பப் பெயர். சார்ல்ஸ் ஆற்றங்கரையில் மக்களுக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று பாடுபட்டவர் ஜேம்ஸ் ஸ்டோரோ. அவர் இறந்தபின் அந்தப் பூங்காவுக்காகப் பத்து லட்சம் டாலர் கொடுத்தவர் அவர் மனைவி ஹெலன். கரையில் நெடுஞ்சாலை வரக்கூடாது என்பதில் ஹெலன் பிடிவாதமாக இருந்தார். அவர் கண்மூடிய சில ஆண்டுகளில், அதே பூங்காவைக் கிழித்துக்கொண்டு சாலை வந்தது. அதற்கு அந்தக் குடும்பத்தின் பெயரையே வைத்தார்கள்.

அந்தப் பூங்காவின் பெயர் எஸ்பிளனேட். அங்கே இருக்கும் அரைக்கோள மேடை ஹேட்ச் ஷெல். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 அன்று இரவு பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழு வாசிக்க, ஆற்றின் நடுவில் படகுகளிலிருந்து வாணவேடிக்கை கிளம்புவதைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம். நுழைவுச்சீட்டு கிடையாது. புல்லில் போர்வையை விரித்தால் இடம் உங்களுடையது. பார்ப்பதற்கு, ஆறும் புல்லும் இசையும் இயற்கையாகவே ஒன்றுகூடியதுபோல் இருக்கும். உண்மையில் அந்தக் கரை, அந்த ஆறு, அந்த இலவசம் மூன்றுமே செய்து வைத்தவை. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். சில சமயம் கொடுத்தவரிடமே திருப்பியும் பறித்திருக்கிறார்கள்.

ஆற்றிலிருந்து தொடங்குவோம். நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே ஓடியது இன்று நாம் பார்க்கும் நதி அல்ல, கழிமுகம். பாஸ்டன் துறைமுகத்தில் கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இறங்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 3 மீட்டர் வித்தியாசம். வற்றத்தின்போது கரையோரம் முழுக்கச் சேறாகக் கிடக்கும். ஊர்ச் சாக்கடையும் அதில்தான் கலந்தது. கோடைக்காலத்தில் அந்த நாற்றத்துக்கு ஜன்னலைத் திறக்க முடியாது. பக்கத்தில் இருந்த பேக் பே என்ற சதுப்பு நிலத்தை 1850களின் இறுதியிலிருந்து ரயில் ரயிலாகச் சரளை மண் கொண்டுவந்து கொட்டி நிரப்பினார்கள். நகரத்தின் செல்வந்தர்கள் அதன்மேல் அழகான செங்கல் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் பீக்கன் தெருவில் அந்த வீடுகளின் முகம் தெருவைப் பார்த்தது, முதுகு ஆற்றைப் பார்த்தது. சேற்றை யார் ரசிப்பார்கள்?

இந்தச் சேற்றுக்கு ஒரு தீர்வு உண்டு என்று சொன்னவர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைக் காட்டினார்கள். அங்கே ஆல்ஸ்டர் ஆற்றை அணைகட்டித் தேக்கி, ஊர் நடுவில் ஒரு ஏரியாக்கி வைத்திருந்தார்கள். சார்ல்ஸ் ஆற்றின் வாயிலும் ஒரு அணை கட்டினால் கடல்நீர் உள்ளே வராது, நீர்மட்டம் எப்போதும் ஒரே அளவில் நிற்கும், சேறு மூழ்கிவிடும். 1901இல் இதற்கான இயக்கத்தைக் கையில் எடுத்தவர் ஜேம்ஸ் ஸ்டோரோ. வங்கியாளர், ஹார்வர்டில் படித்தபோது படகோட்டும் அணியின் தலைவர். தண்ணீரில் துடுப்புப் போட்டவருக்கு அந்தத் தண்ணீர்மேல் ஒரு பாசம் இருந்திருக்கும்போலிருக்கிறது. எதிர்த்தவர்கள் பெரும்பாலும் அவர் வர்க்கத்தினரே: ஆற்றுக்கு முதுகு காட்டிய வீட்டுக்காரர்கள். தங்கள் கொல்லைப்புறத்தில் ஊர் மக்கள் உலாவுவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1903இல் அனுமதி கிடைத்தது. 1910இல் அணை முடிந்தது. இன்று அறிவியல் அருங்காட்சியகம் உட்கார்ந்திருப்பது அந்த அணைமேல்தான்.

அணை வந்ததும் கரையும் வந்தது. ஆனால் முதல் கரை ஒரு தோல்வி. பீக்கன் தெரு வீடுகளுக்குப் பின்னால் நீளமாக ஒரு பட்டை நிலம், அதன் ஓரத்தில் செங்குத்தான கருங்கல் சுவர். நிழல் தரும் மரம் இல்லை, உட்கார இடம் இல்லை, காற்று மட்டும் தாராளம். சுவரிலும் ஒரு வினை இருந்தது. அலை சாய்வான மணல் கரையில் மோதினால் ஏறி, தளர்ந்து, அடங்கிவிடும். செங்குத்துச் சுவரில் மோதினால் வந்த வேகத்தோடு திரும்பும். திரும்பும் அலையும் வரும் அலையும் மோதிக்கொள்ள, சிறு படகுகள் தத்தளித்தன. தண்ணீரை அமைதிப்படுத்தக் கட்டிய தேக்கம், காற்றடிக்கும் நாளில் கொதிக்கும் உலைபோல் ஆனது.

ஜேம்ஸ் 1926இல் காலமானார். கரையைச் சீர்செய்ய வேண்டும் என்ற பேச்சு அப்போது மறுபடியும் எழுந்தது. கூடவே, அந்தக் கரையில் ஒரு மோட்டார் சாலை போடலாம் என்ற யோசனையும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஹெலன் ஸ்டோரோ பத்து லட்சம் டாலர் தர முன்வந்தார், கணவர் நினைவாக. கடும் வாக்குவாதத்துக்குப் பின் திட்டத்திலிருந்து சாலை கழற்றப்பட்டது. 1929இல் சட்டமன்றம் மற்றதை ஏற்றது. நிலத்தோற்ற வடிவமைப்பாளர் ஆர்தர் ஷர்க்ளிஃப் அடுத்த சில ஆண்டுகளில் கரையை அகலப்படுத்தினார், கருங்கல் சுவருக்குப் பதில் பல இடங்களில் சரிவான கரை அமைத்தார், காற்றுக்கு மறைவாக ஒரு சிறு காயலை உருவாக்கினார், மரங்களை நட்டார். இப்போது அங்கே நடப்பவர்கள் 'ஆற்றங்கரையின் இயற்கை அழகு' என்று நினைத்து ரசிப்பது அவர் வரைபடத்தைத்தான்.

அதே 1929இல் இன்னொருவரும் அந்தக் கரையின்மேல் கண் வைத்திருந்தார். ஆர்தர் ஃபீட்லர், பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவில் வயோலா வாசித்தவர், பாஸ்டனிலேயே பிறந்தவர். சிம்பொனி அரங்குக்குள் காலடி வைக்க முடியாதவர்களும் கோடைக்காலத்தில் திறந்த வெளியில் இந்த இசையைக் கேட்க வேண்டும், அதுவும் காசில்லாமல் என்பது அவர் பிடிவாதம். நன்கொடை திரட்ட வீடு வீடாகப் படியேறினார். 1929 ஜூலை 4 அன்று, மரத்தால் அடித்த ஒரு தற்காலிக மேடையில் முதல் கச்சேரி நடந்தது. அடுத்த ஆண்டு பாஸ்டன் பாப்ஸின் நடத்துநரானார். 1979இல் இறக்கும்வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு, அந்தக் கோல் அவர் கையில்தான் இருந்தது.

மரமேடை போய், 1934இல் ஒரு உலோக மேடை வந்தது. 1940இல் இப்போதைய ஹேட்ச் ஷெல். மரியா ஹேட்ச் என்ற பெண்மணி தன் சகோதரர் எட்வர்ட் நினைவாக உயில் எழுதி வைத்த 3,00,000 டாலரில் எழுந்தது அது. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ஷா. வெளியே பளபளக்கும் அரைக்கோளம், உள்ளே மரப்பலகை, சுற்றிலும் இசையமைப்பாளர்களின் பெயர்கள். ஒரு பெண் கணவருக்காகக் கரைக்குப் பணம் கொடுத்தார், இன்னொரு பெண் சகோதரருக்காக மேடை கொடுத்தார். இலவசக் கச்சேரி என்று நாம் சொல்வது இந்த இரண்டு துக்கங்களின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

மேடை ஏன் சிப்பி வடிவில் இருக்க வேண்டும்? அழகுக்காக அல்ல.

மூடிய அரங்கில் வயலினிலிருந்து புறப்படும் ஒலி சுவரில், கூரையில், பால்கனியில் பட்டுப் பட்டு நம்மிடம் வந்து சேர்கிறது. நேராக வருவதைவிடத் தெறித்து வருவதே அதிகம். அந்தத் தெறிப்புதான் இசைக்கு உடம்பு கொடுக்கிறது. திறந்த வெளியில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. வானத்தை நோக்கிப் போன ஒலி போனதுதான். மிச்சம் இருப்பதும் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். முதல் வரிசையில் கம்பீரமாகக் கேட்ட இசைக்குழு நூறு மீட்டர் தள்ளி அடுத்த வீட்டு ரேடியோவாகிவிடும். சிப்பி செய்வது, மேலேயும் பின்னாலேயும் வீணாகப் போகும் ஒலியைப் பிடித்து முன்பக்கம் தள்ளுவது. அதைவிட முக்கியமான வேலை ஒன்றும் செய்கிறது, அது கேட்பவர்களுக்குத் தெரியாது: மேடையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்க முடிகிறது. பின்வரிசையில் ஊதும் டிரம்பெட் முன்வரிசை செல்லோவின் காதில் விழாவிட்டால் தாளம் நழுவிவிடும்.

ஆனால் குழிந்த பரப்புக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. குழிந்த கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் குவிப்பதுபோல் அது ஒலியையும் குவிக்கும். மேடையில் ஒரு மூலையில் உட்கார்ந்தவருக்கு எதிர்மூலைக்காரர் காதோடு வந்து வாசிப்பதுபோல் இருக்கும், பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதோ காதில் விழாது. பிற்காலத்தில் இத்தகைய மேடைகளைக் கட்டியவர்கள் வழவழப்பான அரைக்கோளத்தை விட்டுப் படிப்படியாக உடைந்த பரப்புகளுக்கும் தொங்கவிடும் தடுப்புப் பலகைகளுக்கும் போனது இதனால்தான்.

தண்ணீர் தன் பங்குக்கு விளையாடுகிறது. புல்வெளி ஒலியை உறிஞ்சும், அதன்மேல் உட்கார்ந்த மனிதர்களும் அவர்கள் உடையும் இன்னும் அதிகமாக உறிஞ்சும். நீர்ப்பரப்பு உறிஞ்சாது, அப்படியே திருப்பிக் கொடுக்கும். கோடை மாலையில் இன்னொன்றும் சேர்கிறது. ஆற்றை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும், குளிர்ந்த காற்றில் மெதுவாக. அதனால் மேலே கிளம்பிய ஒலி வளைந்து மறுபடி கீழே இறங்கி, நீரில் பட்டு எழும்பி, மறுபடி இறங்கும். சிறுவர்கள் எறியும் ஓட்டாஞ்சில்லு தண்ணீரில் தத்தித் தத்திப் போவதுபோல. விளைவு விசித்திரமானது: புல்வெளியின் பின்கோடியில் இருப்பவருக்குச் சரியாகக் கேட்காதது, எதிர்க்கரையில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் இருப்பவருக்குத் துல்லியமாகக் கேட்கக்கூடும். ஜூலை 4 இரவில் எதிர்க்கரையிலும் கூட்டம் நெருக்கியடிக்கும். கரையோர அரங்கு அமையும் ஊரில் சத்தம் குறித்த புகார்கள் எதிர்க்கரையிலிருந்தும் வரக்கூடும் என்பதும் இதே காரணத்தால்தான்.

சிப்பியை மட்டும் நம்பினால் சில ஆயிரம் பேருக்குமேல் வாசிக்க முடியாது. ஒலிபெருக்கி வந்தே ஆகவேண்டும், வந்ததும் புதிய சிக்கல். ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும், கம்பியில் மின்சாரம் கணத்தில் போய்விடும். மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி ஒரு ஒலிபெருக்கிக் கம்பம் நட்டால், அங்கே நிற்பவர் முதலில் பக்கத்துக் கம்பத்திலிருந்தும் அரை விநாடி கழித்து மேடையிலிருந்தும் அதே சுரத்தைக் கேட்பார். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு எதிரொலி. அதனால் கம்பத்துக்குப் போகும் ஒலியை வேண்டுமென்றே அரை விநாடி காக்கவைத்து அனுப்புகிறார்கள், இரண்டும் ஒன்றாகக் காதில் சேர.

இனி சாலைக்கு வருவோம். ஹெலன் ஸ்டோரோ 1944இல் இறந்தார். போர் முடிந்தது, கார்கள் பெருகின, 1929இல் கழற்றப்பட்ட சாலை மேசைக்குத் திரும்பியது. 1949இல், பலத்த எதிர்ப்புக்கு நடுவே, சட்டமன்றம் அதை நிறைவேற்றியது. 1951இல் ஸ்டோரோ டிரைவ் திறக்கப்பட்டது. இழந்த பூங்கா நிலத்துக்கு ஈடாக ஆற்றுக்குள் மேலும் மண்ணைக் கொட்டித் தீவுகளும் புதுக் கரையும் அமைத்தார்கள். அதை வரைந்ததும் ஷர்க்ளிஃப்தான், இம்முறை மகனோடு சேர்ந்து. தான் வளர்த்த கரை வெட்டுப்படுவதற்கு மருந்தும் தானே போட வேண்டிய நிலை. பரப்பளவுக் கணக்கில் பார்த்தால் பூங்காவுக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்று அப்போது வாதிட்டார்கள். கணக்கு சரியாகவே இருக்கட்டும். வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு மதில் எழுப்பிவிட்டு, கிணற்றில் தண்ணீர் குறையவில்லையே என்று சொல்வது போன்ற கணக்கு அது.

ஏனென்றால் நகரத்திலிருந்து ஆற்றுக்கு இனி நேராக நடந்து போக முடியாது. சாலைக்கு மேலே கட்டிய நடைபாலங்களில் ஏறி இறங்க வேண்டும். கச்சேரி மேடைக்கு அருகே இருக்கும் பாலத்துக்கு ஆர்தர் ஃபீட்லர் பெயர் வைத்தார்கள், அவர் உயிரோடு இருந்தபோதே, 1950களில். வளைந்து வளைந்து ஏறும் அழகான பாலம்தான். ஆனாலும் அது ஒரு கட்டுப்போட்ட காயம்.

இந்தக் காயத்தின் வலி 1970களில்தான் தெரிந்தது. அதற்குள் ஜூலை 4 கச்சேரிக்கு வருவோர் குறைந்துகொண்டே போயினர். உள்ளூர்த் தொழிலதிபர் டேவிட் முகார் ஃபீட்லரிடம் ஒரு யோசனை சொன்னார்: சைக்கோவ்ஸ்கியின் '1812' முன்னிசையை வாசியுங்கள், அதில் வரும் பீரங்கிக்கு நிஜப் பீரங்கி வைப்போம், மணிக்கு நிஜத் தேவாலய மணி அடிப்போம், முடிவில் வாணம் விடுவோம். நெப்போலியனின் படையை ரஷ்யா விரட்டியதைக் கொண்டாட 1880இல் எழுதப்பட்ட ஒரு ரஷ்ய இசை, அமெரிக்கச் சுதந்திர தினத்தின் அடையாளமானது இப்படித்தான். இதற்குமேல் விளக்கம் கேட்கக்கூடாது, சத்தம் பெரிதாக இருந்தது, அவ்வளவே. 1974இல் முதல்முறை நடந்தது. தேசியக் காவல் படையின் பீரங்கிகள் முழங்க, பீக்கன் ஹில் பகுதித் தேவாலயத்தின் மணிகள் ஒலித்தன. இரண்டே ஆண்டுகளில், நாட்டின் 200ஆவது ஆண்டான 1976இல், கூட்டம் 4,00,000 என்று மதிப்பிடப்பட்டுக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதற்குமுன் எந்தச் செவ்வியல் இசைக் கச்சேரிக்கும் அவ்வளவு பேர் கூடியதில்லை.

நான்கு லட்சம் பேர் ஒரு ஆற்றங்கரையில் கூடுவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். திறந்த மைதானத்தில் கூடிய கூட்டம் நான்கு திசையிலும் கலையும். ஆற்றங்கரையில் ஒரு திசை தண்ணீர். எஸ்பிளனேடில் அதற்கு நேரெதிர்த் திசை நெடுஞ்சாலை. மிஞ்சுவது ஒல்லியான ஒரு பட்டையின் இரண்டு முனைகளும், இடையிடையே சில நடைபாலங்களும். உள்ளே வருபவர்கள் காலையிலிருந்து சிறுகச் சிறுக வருவார்கள். வாணவேடிக்கையின் கடைசிப் பொறி அணைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். தண்ணீர் அழகான பின்னணிதான், ஆனால் நெரிசலைப் பற்றி யோசிக்க வேண்டிய அதிகாரிக்கு அது ஒரு வேலி. கரையோரப் பூங்காவில் மேடை போட நினைக்கும் எந்த நகரமும் முதலில் வரைய வேண்டியது மேடையை அல்ல, வெளியேறும் வழியை.

1994 செப்டம்பர் 9 அன்று இதற்கு வேறொரு வகையில் பாடம் கிடைத்தது. கிரீன் டே என்ற ராக் குழுவின் இலவசக் கச்சேரி ஹேட்ச் ஷெல்லில். நிகழ்ச்சி பேசி முடித்ததற்கும் நடந்ததற்கும் இடையில் அந்தக் குழு நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு, 65,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள் என்பது அப்போதைய மதிப்பீடு. தடுப்புகள் சரிந்தன, சில பாட்டுகளோடு நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது, பலர் கைதானார்கள். பிள்ளைகளின் முரட்டுத்தனம் என்று அன்று பலர் பேசினார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. டிக்கெட் என்பது காசு மட்டுமல்ல, கணக்கும்கூட. எத்தனை விற்றது என்று தெரிந்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியும். இலவசக் கச்சேரியில் அந்தக் கணக்கு இல்லை. சிம்பொனிக்குக் கூடும் கூட்டத்தைப் பல ஆண்டுப் பழக்கத்தில் கணித்துவிடலாம், போன மாதம் பிரபலமானவருக்குக் கூடுவதைக் கணிக்க முடியாது.

2013இல் கணக்கு இன்னும் மாறியது. அந்த ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு நடந்தது. ஜூலையில் பூங்காவின் வாசல்களில் சோதனைச் சாவடிகள் முளைத்தன, முதுகுப்பைகள் தடைசெய்யப்பட்டன. கச்சேரி அப்போதும் இலவசம்தான், ஆனால் பையைத் திறந்து காட்டி உள்ளே போகும் இலவசம். அடுத்த ஆண்டு ஆர்தர் என்ற புயல் வருவதாகச் செய்தி வந்ததும் கச்சேரியை ஒரு நாள் முன்னதாக, ஜூலை 3க்கு மாற்றினார்கள். இடியும் மழையும் அன்றும் விடவில்லை, நிகழ்ச்சியைச் சுருக்க வேண்டியதாயிற்று. கூரையில்லாத அரங்கு என்றால் இசைக்குழுவின் பெயருக்கு முன்னால் வானிலை ஆய்வாளரின் பெயரைப் போடவேண்டும்.

செலவு யாருடையது என்ற கேள்வி எப்போதும் பின்னாலேயே வருகிறது. நிலம் மாநில அரசின் பூங்காத் துறையிடம். பராமரிப்புக்குத் தோள்கொடுக்க 2001இல் எஸ்பிளனேட் சங்கம் என்ற தன்னார்வ அமைப்பு தொடங்கப்பட்டது. ஜூலை 4 நிகழ்ச்சியைப் பல பத்தாண்டுகள் முன்னின்று நடத்தியவர் முகார், தன் சொந்தப் பணமும் போட்டு. 2016 நிகழ்ச்சியோடு அவர் ஓய்வு பெற்றபின் பாஸ்டன் பாப்ஸே பொறுப்பேற்றது. விளம்பரதாரர்களும் ஒளிபரப்பு ஒப்பந்தங்களும் இல்லாமல் இது நடக்காது. கோடையில் மற்ற நாட்களில் பாஸ்டன் லேண்ட்மார்க்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா அதே மேடையில் இலவசமாக வாசிக்கிறது. என் ரசனைக்கு அந்தச் சாதாரண மாலைகளே மேடையின் உண்மையான பயன். பீரங்கி இல்லை, நெரிசல் இல்லை, ஓடி வந்தவர் வியர்வையோடு நின்று இரண்டாம் பகுதியை மட்டும் கேட்டுவிட்டுப் போகலாம். ஃபீட்லர் படியேறி நன்கொடை கேட்டது இதற்காகத்தான் இருக்கும்.

வேறு ஊர்கள் இதே முடிச்சை வேறு விதமாக அவிழ்த்திருக்கின்றன. சிகாகோவில் மிச்சிகன் ஏரிக்கரை நிலத்தைக் 'கட்டடங்கள் ஏதுமின்றி என்றென்றும் திறந்த வெளியாக' வைக்கவேண்டும் என்று 1836இலேயே வரைபடத்தில் எழுதிவிட்டார்கள். மான்ட்கோமரி வார்ட் என்ற வணிகர் 1890 முதல் இருபது ஆண்டுகள் வழக்குமேல் வழக்குப் போட்டு அந்த வரிக்கு உயிர்கொடுத்தார். அப்படியிருக்க, 2004இல் மில்லேனியம் பூங்காவில் ஃபிராங்க் கெரி வடிவமைத்த 120 அடி உயர பிரிட்ஸ்கர் மேடை எப்படி எழுந்தது? அது கட்டடமே அல்ல, கலைப்பொருள் என்று வகைப்படுத்திவிட்டார்கள்! சட்டத்தை மீறாமல் சுற்றிக்கொண்டு போகும் சாமர்த்தியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் அந்த மேடையின் உண்மையான புதுமை உலோக மடிப்புகளில் இல்லை. புல்வெளிமேல் 600 அடிக்கு 300 அடி அளவில் எஃகுக் குழாய்களால் ஒரு பந்தல் போட்டு, அதில் ஒலிபெருக்கிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கம்பங்கள் பார்வையை மறைப்பதில்லை. முன்னால் 4,000 இருக்கை, பின்னால் புல்லில் 7,000 பேர். கூரையில்லாத இடத்தில் கூரையின் தெறிப்பை ஒலிபெருக்கிகளே நடித்துக் காட்டுகின்றன. பக்கத்திலேயே உள்ள கிராண்ட் பூங்காவிலோ 2005 முதல் லோலாபலூசா என்ற இசை விழாவுக்காக ஆண்டுதோறும் வேலி போட்டு டிக்கெட் விற்கிறார்கள். வருமானம் வருகிறது, அந்த நாட்களில் பொதுநிலத்துக்குள் பொதுமக்கள் காசு கொடுத்துத்தான் போகவேண்டியிருக்கிறது. 'என்றென்றும் திறந்த வெளி' என்பதில் வேலி சேருமா என்று வார்ட் இருந்திருந்தால் இன்னொரு வழக்குப் போட்டிருப்பார்.

ஆஸ்திரியாவின் பிரெகன்ஸ் இன்னும் துணிச்சல். 1946இல், போரில் நொடிந்த ஊரில் அரங்கு இல்லாததால், கான்ஸ்டன்ஸ் ஏரியில் சரளை ஏற்றும் இரண்டு படகுகளைக் கட்டி நிறுத்தி இசை நாடகம் போட்டார்கள். இன்று அது ஏறக்குறைய 7,000 இருக்கைகள் கொண்ட ஏரி மேடை. பார்வையாளர்கள் கரையில், மேடை தண்ணீருக்குள். வெளியேறும் வழி முழுக்கக் கரைப்பக்கம் என்பதால் பாஸ்டனின் இக்கட்டு அங்கே இல்லை. ஆனால் அங்கே டிக்கெட் உண்டு, விலையும் உண்டு.

எஸ்பிளனேடில் மேடைக்கு அருகே ஃபீட்லருக்கு ஒரு சிலை இருக்கிறது. 1984இல் ரால்ஃப் ஹெல்மிக் செய்தது. அலுமினியத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெரிய தலை. தூரத்திலிருந்து பார்த்தால் முகம் தெரியும், கிட்டே போனால் வெறும் தகடுகள்.

ஜூலை 4 அன்று ஸ்டோரோ டிரைவில் வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள். அவ்வளவு கூட்டத்தைப் புல்வெளி தாங்காது, வேறு வழியில்லை. சாயங்காலமானதும் தார்ச்சாலையின் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே போர்வைகள் விரிகின்றன, மடக்கு நாற்காலிகள் முளைக்கின்றன. லாரிகளின் கூரையை உரிக்கும் அதே தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். ஹெலன் ஸ்டோரோ கேட்ட பூங்கா, ஆண்டுக்கு ஓர் இரவு, கரைவரை முழுசாகக் கிடைக்கிறது. காலையில் தடுப்புகளை எடுத்துவிடுவார்கள்.